பழைய லைன்

ஜூன் 2, திங்கள்

தெருவைப் பிளந்து போட்டுவிட்டார்கள். காலையில் கதவைத் திறந்தால் வாசற்படிக்குக் கீழே இடுப்பளவுப் பள்ளம். அடியில் கறுப்புக் குழம்பு. அதில் ஒரு பெருச்சாளி மல்லாந்து கிடக்கிறது. கோலம் போட இடமில்லை. பல் துலக்கும்போதே குமட்டிவிட்டது.

ஐம்பது வருடத்து இரும்புக் குழாய் ஓட்டையாகிவிட்டதாம். அதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுக் குழாய் போடுகிறார்களாம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் நீலக்கோடு. யானைக் குடல் மாதிரி சுருட்டித் தெருமுனையில் வைத்திருக்கிறார்கள். மத்தியானம் பார்த்தேன், அதன் மேல் ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதில் வரும் தண்ணீரைத்தான் இனி நாம் குடிக்க வேண்டுமாம். தூ.

மருந்துக் கடைக்காரர் கொடுத்த இந்த டைரி சும்மா கிடந்தது. பேத்தி அபிநயா ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து வருகிறாள். எந்த மாத்திரை எந்த நேரம் என்று குறித்து வைக்கத்தான் எடுத்தேன். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு பேங்க் மேனேஜர் டீச்சரா என்று கேட்டிருக்கிறார்.

ஜூன் 4, புதன்

அபி வந்துவிட்டாள். பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். பின்னாலேயே சம்பந்தி கோமதியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பொள்ளாச்சிக்காரர். பேச்சு தேனாக இருக்கும், கண் மட்டும் எல்லாவற்றையும் எடை போடும்.

"ஏனுங்க சம்பந்தி, மாசமா இருக்கற புள்ள இந்தக் குழியத் தாண்டித்தான் போயிட்டு வரோணுமா? வேணும்னா பிரசவத்த எங்கூர்லயே பாத்துக்கலாமுங்க. நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி."

"தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதான். அதுல மாத்தமில்ல" என்றேன்.

அபிக்கு நான்கு வயதில் தாய் போனாள். என் மகன் லாரியோடு வடக்கே போனால் மாதம் ஒருமுறைதான் முகம் காட்டுவான். இவளைக் குளிப்பாட்டித் தலை பின்னி கல்லூரி வரை அனுப்பியது நான். தாயில்லாத பெண், ஆகையால் மாமியார் வீட்டிலேயே பெற்றாள் என்று ஒரு வாய் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

சம்பந்திக்குத் தண்ணீர் கொடுத்தேன். தெருவே கேன் தண்ணீர் வாங்குகிறது, எங்கள் பதினான்காம் நம்பரில் மட்டும் குழாய்த் தண்ணீர், வெள்ளைத் துணியில் வடிகட்டிச் செப்புக் குடத்தில் ஊற்றி வைப்பேன், இதுவரை ஒருவருக்கும் வயிறு கலங்கியதில்லை என்று சொன்னேன். பாதி டம்ளர் குடித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்றார். மீதியைச் செடிக்கு ஊற்றினார்.

அபி: இரும்புச் சத்து மாத்திரை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. கொடுத்தாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

நகராட்சியிலிருந்து இன்ஜினியர் வந்தாள். ரெஜினா என்று பெயர். அபி வயதுதான் இருக்கும். முழங்கால் வரை சேறு, தலையில் மஞ்சள் தொப்பி. எல்லோரையும் பிள்ளையார் கோயில் முன்னால் நிற்கவைத்துப் பேசினாள். வாரம் பத்து நாளில் எல்லா வீட்டுக்கும் புது இணைப்பு வந்துவிடும். வந்ததும் பழைய இணைப்பை அறுத்து அடைப்பு மூடி போட்டுவிட வேண்டும். பழசும் புதுசும் ஒரு வீட்டிலும் சேரவே கூடாது.

"ஏம்மா, ரெண்டும் இருந்தா ரெண்டு மடங்கு தண்ணி வருமே?" என்றான் இருபத்தாறாம் நம்பர்க்காரன்.

"வரும். சாக்கடையும் சேர்ந்து வரும்" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருடம் குடித்த தண்ணீரைச் சாக்கடை என்கிறாள், நேற்றுப் பிறந்தவள். என் வீட்டுக்காரர் ஓவர்சியர் பின்னால் ஆறு மாதம் நடந்து வாங்கிய இணைப்பு அது. இந்தத் தெருவில் முதல் குழாய் எங்களுடையது.

ஜூன் 7, சனி

கடைசி வீட்டு வேலம்மாவின் ஆடு பலகையில் ஏறி என் வாசலில் புழுக்கை போட்டுவிட்டது. அவளைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னேன். "ஆட்டுப் புழுக்கதானே பெரிம்மா, சாமி பிரசாதம் மாதிரி உருண்டையாத்தான கெடக்கு" என்று சிரித்துக்கொண்டே கையால் அள்ளுகிறாள். அந்தக் கையை என் வாசற்படியிலேயே தட்டுகிறாள். அந்தக் கோடி வீடுகளே அப்படித்தான். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் அவர்கள்தான்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் வீட்டுக்குப் புது இணைப்பு. நகராட்சி ஆள் புதுக் குழாயை வாசல் பள்ளம் வரை கொண்டுவந்து விட்டுப் போனான். உள்ளே இணைப்பது நம் பொறுப்பு. பிளம்பர் பிச்சைமணியைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்கு இருபது வருடமாக அவன்தான்.

பழையதை அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாய் உள்ள ஒரு குழாய்த் துண்டை வைத்து, ஒரு வாயில் பழைய லைன், ஒரு வாயில் புது லைன், மூன்றாவது நம் வீட்டுக்கு. எதில் வந்தாலும் வரட்டும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஒரு நாள் தண்ணீர் நின்றால் யார் பதில் சொல்வது? ரெஜினாவா?

"நடுவுல ஒரு வால்வு போட்டுக்கலாம் பெரியம்மா" என்றான்.

"எதுக்குடா அதெல்லாம். மூடி வச்சா எவளும் பாக்கப்போறதில்ல."

"அதுவும் சரிதான். இந்தத் தெருவுல நெறையப் பேர் இப்படித்தான் கேக்குறாங்க" என்று சிரித்தான். வேலை முடிந்ததும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டான். பள்ளத்தின் மேல் சிமெண்ட் மூடி போட்டுக் கூட்டிவிட்டேன். யாருக்கும் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அபி: கால்சியம் மாத்திரை. கால் சற்று வீக்கம். உப்பைக் குறைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்றோடு பழைய லைனைத் தெருத் தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். இனி அதில் தண்ணீர் வராதாம். போகட்டும். புதுக் குழாயில் நன்றாகவே வருகிறது. குளோரின் நெடி மூக்கில் ஏறுகிறது, ஆஸ்பத்திரிக் கக்கூஸ் மாதிரி. துணியில் வடிகட்டினேன்.

பிச்சைமணியைக் கூப்பிட்டு அந்தத் துண்டை எடுக்கச் சொல்லலாமா என்று ஒரு யோசனை. அவன் கிடைக்கவில்லை. கிடந்தால் கிடக்கட்டும், செத்த குழாய் என்ன செய்யும்?

ஜூன் 19, வியாழன்

மழை. பள்ளத்தைச் சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள். சாக்கடைத் தண்ணீர் தெரு முழுக்க. யாரோ வெற்றிலையைத் துப்பியிருக்கிறார்கள், அது மிதந்து என் படிக்கு வருகிறது. மனிதர்களா இவர்கள்.

ஜூன் 28, சனி

காலைத் தண்ணீரில் ஒரு வாடை. முதல் இரண்டு குடம் கலங்கல், பிறகு தெளிந்துவிட்டது. வடிகட்டின துணியைப் பார்த்தால் மெல்லிசாகக் கறுப்புப் பிசுக்கு. விரலால் தேய்த்தேன். கொழகொழவென்று இருந்தது. துணியை எரித்துவிட்டு வேறு துணி கிழித்தேன். பிளாஸ்டிக் குழாயின் லட்சணம்.

ஜூலை 3, வியாழன்

கோடி வீடுகளில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு. அவர்கள் இருக்கும் லட்சணத்துக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். நகராட்சி ஆட்கள் மூன்று நாளாக வந்து மைக்கில் கத்துகிறார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று.

அபி கேட்டாள், "பாட்டி, நாமளும் காய்ச்சணுமா?"

"காய்ச்சுறேன்டி தங்கம்."

ஒரு நாள் காய்ச்சினேன். வாயில் வைத்ததும் ஓங்கரித்தாள். அவளுக்கு ஏற்கெனவே எதுவும் இறங்கவில்லை. மறுநாள் முதல் செப்புக் குடத்துத் தண்ணீரைத்தான் கொடுக்கிறேன். அவளிடம் காய்ச்சி ஆறவைத்தது என்று சொல்லிவிட்டேன். முகம் மலரக் குடித்தாள். பிள்ளைத்தாய்ச்சியின் வாய்க்குப் பிடிப்பதுதானே முக்கியம்.

ஜூலை 10, வியாழன்

ரெஜினா கையில் ஒரு கண்ணாடிக் குழலும் ஒரு சொட்டு மருந்துப் புட்டியுமாக வீடு வீடாக வருகிறாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டினால் மஞ்சளாக மாற வேண்டும். மாறினால் குளோரின் இருக்கிறது, தண்ணீர் நல்லது. மாறாவிட்டால் வழியில் எங்கேயோ அழுக்கு சேர்ந்து குளோரினைத் தின்றுவிட்டது.

பன்னிரண்டாம் நம்பரில் எலுமிச்சை மஞ்சள். தூரத்திலிருந்தே தெரிந்தது. பதினாறில் வெறும் தண்ணீர். கோடி வரைக்கும் வெறும் தண்ணீர்.

என் வாசலில் நின்று சொன்னாள்: "பழைய குழாயில தண்ணி விடுறதில்ல பாட்டி, ஆனா அது காலியா இல்ல. ஓட்டை வழியா சாக்கடை உள்ள போய் நெரம்பிக் கெடக்கு. கீழ்க்கோடி வீட்டுக்காரங்க மோட்டார் போட்டு உறிஞ்சுறப்ப, எங்கயோ ஒரு எடத்துல அது புதுக் குழாய்க்குள்ள இழுத்துக்குது. பன்னெண்டுக்கும் பதினாறுக்கும் நடுவுல யாரோ பழசையும் புதுசையும் சேர்த்து வச்சிருக்காங்க. உங்க வீட்டுல அறுத்து மூடிட்டீங்கதானே?"

"என் வீட்டுலயா? நல்லாக் கேட்ட போ. இந்தத் தெருவுல சுத்தம்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே வீடு இது."

"உங்க குழாய்லயும் ஒரு சொட்டுப் பாத்துக்கறேன்."

"புள்ளத்தாச்சி தூங்குறா. அப்புறம் வா. அந்தப் பதிமூணாம் நம்பரப் பாரு முதல்ல. வருஷக்கணக்காப் பூட்டிக் கெடக்கு, எந்தப் படுபாவி என்ன பண்ணி வச்சானோ."

அவள் நம்பிவிட்டாள்.

பிச்சைமணி பார்த்த வேலை ஒரு சொட்டு ஒழுகாது. ஆகையால் நம் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. வாசல் பள்ளத்து மூடியின் மேல் இரண்டு ரோஜாத் தொட்டிகளை நகர்த்தி வைத்தேன். வாசலுக்கு அழகாக இருக்கிறது.

இன்று முதல் அபிக்குக் காய்ச்சின தண்ணீர்தான். பயந்து அல்ல. எல்லோரும் காய்ச்சுகிறார்கள், அதனால். சீரகம் போட்டேன், குடித்துவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

பிச்சைமணிக்கு ஆறு தரம் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஜூலை 12, சனி

பதிமூன்றாம் நம்பர் வாசலை உடைத்துத் தோண்டினார்கள். சென்னையிலிருந்து வீட்டுக்காரன் போனில் கத்துகிறான். ரெஜினா தானே இறங்கி அந்தக் கறுப்புச் சேற்றில் முழங்கை வரை விட்டுத் தடவினாள். பழைய இணைப்பு ஒழுங்காக அறுத்து மூடியிருந்தது. மேலே வந்து கையை உதறினாள். என் சுவரில் தெறித்தது. நானே துணி எடுத்துத் துடைத்தேன்.

"திங்கக்கெழம பதினஞ்சப் பாக்கணும். அப்புறம் உங்க வீடு, பாட்டி."

அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை அந்த மோரில் நான் எந்தத் தண்ணீரை ஊற்றினேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

அபிக்குக் காய்ச்சல். லேசாகத்தான்.

ஜூலை 14, திங்கள்

ரெஜினா வரவில்லை. வேறு தெருவில் குழாய் வெடித்துவிட்டதாம். நல்லது என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன்.

அபி கஞ்சியையும் வாந்தி எடுத்தாள். எதைப் பார்த்தாலும் அருவருக்கிறது என்கிறாள். ரசத்தின் வாசனைக்கே முகத்தைத் திருப்புகிறாள். மாசமாக இருந்தால் அப்படித்தான்.

ஜூலை 16, புதன்

எட்டு மாதம் முடியப்போகிறது. இந்த மாதத்தில் மசக்கை இருக்காது. எனக்குத் தெரியும்.

ஜூலை 17, வியாழன்

காலையில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துத் தலை வாரினேன். வெளிச்சத்தில் திரும்பி, "என்ன பாட்டி அப்படிப் பாக்குற?" என்றாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. குழாயில் இருந்திருக்க வேண்டிய மஞ்சள்.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி.

ஜூலை 18, வெள்ளி

இங்கே எழுத இடமில்லை. மடியில் வைத்து எழுதுகிறேன். வராந்தா முழுக்க ஃபினாயில் வாடை, அதையும் மீறி ஒரு வாடை. பக்கத்தில் ஒருத்தி மூடியில்லாத டப்பாவில் துப்பிக்கொண்டே இருக்கிறாள். கக்கூஸுக்குள் காலை வைக்க முடியவில்லை. வைத்தேன்.

மஞ்சள் காமாலை. தண்ணீரில் வருவது. டாக்டரம்மா மூடி மறைக்காமல் சொன்னார், "சாதாரண ஆளுக்கு வந்தா பத்தியத்துல போயிடும். மாசமா இருக்கறவங்களுக்கு வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து." கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். எதையும் கொடுக்காதீர்கள் என்று சத்தம் போட்டார்.

பிறகு அபியிடம் கேட்டார், "என்ன தண்ணிம்மா குடிச்ச, இந்த ஒரு மாசமா?"

"காய்ச்சின தண்ணிதான் டாக்டர். எங்க பாட்டி காய்ச்சாம ஒரு டம்ளர்கூடக் குடுக்க மாட்டாங்க."

"வேற எங்கயாவது குடிச்சியா?"

"இல்ல டாக்டர். பாட்டி சொன்னா சொன்னதுதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அபியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். வீங்கியிருந்தது. பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 19, சனி

வராந்தாவில் வேலம்மா. அவள் மகனுக்கும் மஞ்சள். அவளைக் கண்டதும் நான் முந்தானையை இழுத்துக்கொண்டேன், பழக்கம்.

"பெரிம்மா, உங்க வீட்டுலயுமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்களாவது அழுக்குப் புடிச்சவங்க. நீங்க துணிபோட்டு வடிகட்டி, செம்பு விளக்கி, எம்புட்டு சுத்தமா இருப்பீங்க. உங்களுக்கே வந்துச்சுன்னா இந்த ஊருல எவ தப்பிப்பா? எந்த நாய் இப்படிப் பண்ணி வச்சுச்சோ, அவன் கையில புழு விழ."

நம் தெருவிலிருந்து மொத்தம் ஒன்பது பேர் இங்கே இருக்கிறார்கள் என்றாள். பெயர் சொல்லி எண்ணினாள். மூன்று பேர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.

அவள் கை என் கை மேல்தான் இருந்தது. ஆட்டு வாடை அடித்தது. எடுக்கத் தோன்றவில்லை. எனக்குக் குமட்டியது. ஆட்டு வாடைக்கு அல்ல.

ஜூலை 20, ஞாயிறு

அபி தூக்கத்தில் உளறுகிறாள். அம்மா என்கிறாள். அவள் அம்மாவைக் கூப்பிடுகிறாளா, என்னையா என்று தெரியவில்லை. டாக்டரம்மா இன்று இரண்டு தரம் வந்து பார்த்தார். பெயர் என்ன, என்ன கிழமை என்று அவளிடம் கேட்டார். கிழமையைத் தப்பாகச் சொன்னாள்.

சம்பந்திக்குச் சொல்லியாகிவிட்டது. நாளைக் காலை வந்துவிடுவார்கள்.

நான் டாக்டரம்மா பின்னாலேயே போனேன். படிக்கட்டு வரை போனேன். "காய்ச்சல" என்றேன்.

"காய்ச்சல் இன்னும் இருக்கும்மா, மருந்து போய்க்கிட்டுதான் இருக்கு."

"அது இல்ல டாக்டரம்மா. தண்ணிய. நான் தண்ணியக் காய்ச்சல. காய்ச்சினதா அவகிட்ட பொய் சொன்னேன்."

அவர் ஒன்றும் திட்டவில்லை. ஃபைலில் எழுதினார். தலையாட்டிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு ரெஜினாவுக்குப் போன் செய்தேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு போன் நான் செய்ததில்லை. "என் வீட்டு வாசலத் தோண்டு" என்றேன். "ஞாயித்துக்கெழம பாட்டி" என்றாள். "இப்பவே வா. நான் ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்கேன்."

அதே நாள், சாயங்காலம்

ரோஜாத் தொட்டிகளை நானே நகர்த்தினேன். ரெஜினாவும் இரண்டு ஆட்களும் மூடியை எடுத்தார்கள். தெருவே கூடிவிட்டது. பதினைந்தாம் நம்பர்க்காரி மாடியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

பழைய லைன் பக்கம் அறுத்ததும் அது வந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. கறுப்பாக, கட்டிகட்டியாக, முடியும் வேரும் சுற்றிக்கொண்டு, முட்டை அழுகின நாற்றத்தோடு கொப்பளித்து வந்தது. வெள்ளையாக ஏதோ நெளிந்தது. ஆட்கள் எட்டிக் குதித்தார்கள். நான் நகரவில்லை. என் கால் மேல் ஏறி ஓடியது. இதைத்தான் துணியில் வடிகட்டி, செப்புக் குடத்தில் ஊற்றி, என் பேத்தியின் வாயில் வைத்தேன். இதைத்தான் தெருவுக்கும் அனுப்பினேன். உலகத்தில் எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். இதற்கு முகம் சுளிக்க எனக்கு அருகதை இல்லை.

ரெஜினா பழைய லைனை அடைத்து மூடி போட்டாள். கை கழுவிவிட்டு என் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள், "பாட்டி, ரிப்போர்ட்ல நம்பர் எழுதலை. நடுத்தெருவுல ஒரு வீடுன்னு போட்டுக்கறேன். பேத்தி ஆஸ்பத்திரியில இருக்கா, உங்களுக்கு வேற எதுக்கு."

"கீழ இப்ப சரியாயிடுமா?"

"பாதி சரியாகும். இருபத்திரண்டுக்குக் கீழயும் எங்கயோ கலக்குது. பிச்சைமணி இன்னும் சில வீட்டுல பண்ணியிருப்பான்போல. யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு வாசலா ஒடைக்கணும், பத்து நாளாகும்."

"நம்பர எழுது."

"பாட்டி..."

"பதினாலு. குஞ்சரம்மாள்னு பேரப் போடு. எழுதிட்டுக் காட்டு, நான் படிச்சுப் பாப்பேன்."

எழுதினாள். குஞ்சரம் என்பதில் ச-வுக்குப் புள்ளி வைத்திருந்தாள். திருத்தச் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பினேன். எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை.

"நான்தான் பண்ணேன். பழசையும் புதுசையும் சேர்த்து வைக்கச் சொன்னது நான். இந்தப் பொண்ணு வந்து கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் நான்தான். பூட்டுன வீட்டக் காட்டிக்குடுத்தேன். அதுல பத்து நாள் போச்சு. எம் பேத்தி அங்க கெழம தெரியாமக் கெடக்குறா. உங்க வாசல்லயும் இது கெடந்தா இன்னிக்கே தொறந்துடுங்க. தொறக்கறது அசிங்கமில்ல. நான் இங்கதான நிக்கறேன், பாத்துக்குங்க."

யாரோ காறித் துப்பினார்கள். என்னைப் பார்த்தா, நாற்றத்துக்கா, தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. கால் கழுவிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

வேலம்மா வராந்தாவில் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் கேள்விப்பட்டிருப்பாள். நேற்று வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நியாயம்தான்.

காலையில் அபிக்கு வலி எடுத்துவிட்டது. மாதம் ஆகவில்லை. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சம்பந்தியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கோமதியம்மா என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார், "ஏனுங்க, டாக்டரு சொல்றது நெசமுங்களா?" நிஜம்தான் என்றேன். அதோடு விட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அபி ஐ.சி.யூ.வில்.

ஜூலை 23, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 24, வியாழன்

ரெஜினா போன் செய்தாள். இருபத்தாறாம் நம்பர்க்காரன் தானே வந்து கூப்பிட்டானாம். பிறகு இருபத்தொன்பது. அதன் பிறகு இருபத்தெட்டாம் நம்பர் வீட்டுக்காரி அழுதுகொண்டே வந்தாளாம். மொத்தம் ஐந்து வாசல். பத்து நாள் ஆகும் என்றது மூன்று நாளில் முடிந்துவிட்டது. குழாயை மருந்து விட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். "கோடி வீடு வரைக்கும் மஞ்சள் வருது பாட்டி" என்றாள்.

சரி என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

அபி கண் விழித்தாள். என்ன கிழமை என்று டாக்டரம்மா கேட்டார். "சனிக்கிழமை" என்றாள். நான் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தைக்கு ஒரு கண் மட்டும் திறக்கிறது. அபி மூக்கு.

ஜூலை 30, புதன்

வேலம்மாவின் மகன் வீட்டுக்குப் போகிறான். அவன் என்னைத் தாண்டிப் போகும்போது, "வர்றோம் பாட்டி" என்றான். வேலம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அபியிடம் நானே சொன்னேன். வேறு யார் வாயாலோ கேட்க வேண்டாம் என்றுதான். பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் பாட்டி. அத்தை சொல்லிட்டாங்க."

"எப்ப?"

"கண்ணு முழிச்ச அன்னிக்கே."

ஒன்பது நாளாகத் தெரிந்துகொண்டுதான் என் கையால் கஞ்சி குடித்தாள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். குழந்தையைத் தோள் மாற்றினாள். "கேட்டா நீ என்ன சொல்லுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். நான் மறுபடி பொய் சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். சாவுக்குப் பயந்த பெண் அல்ல அவள். என் வாய்க்குப் பயந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டிஸ்சார்ஜ். பத்தியம் இன்னும் இரண்டு மாதம். வீட்டில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். தொட்டில் கட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பழைய குடங்களையெல்லாம் போட்டுவிட்டுப் புதிது வாங்கி. காலையில் ரெஜினா வந்து என் குழாயில் சொட்டு மருந்து விட்டுக் காட்டினாள், நன்றாக இருந்தது. அந்தத் தண்ணீரையும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, புதுப் பாட்டிலைச் சுடுதண்ணீரில் கழுவி நிரப்பிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பொள்ளாச்சிக் கார் நின்றது. பைகள் ஏற்கெனவே ஏறியிருந்தன.

கோமதியம்மா மிக மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி. உங்களுக்கும் வயசாச்சுங்க. ஒரு ஆறு மாசம் அங்க இருக்கட்டுமுங்க."

"அபி, உனக்கு எது சரின்னு தோணுதோ..." என்று ஆரம்பித்தேன்.

அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது, பால் வாடை. பிறகு வாங்கிக்கொண்டாள். "நீ போன் பண்ணு பாட்டி" என்றாள். நீ என்றுதான் சொன்னாள், எப்போதும் போல.

கார்க் கதவு மூடும்முன் பாட்டிலை நீட்டினேன். "நாலு மணி நேரம் போகணுமே. காய்ச்சினதுதான். பாத்திரத்தப் பாத்துக்கிட்டே நின்னேன், பத்து நிமிஷம்."

கோமதியம்மா கை நீட்டி வாங்கினார். ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு ஜன்னல் வழியாக என் கையிலேயே திரும்ப வைத்து, "தண்ணி வழியில வாங்கிக்கறோமுங்க" என்றார்.

நான் அபியைப் பார்த்தேன். அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கார் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். வெயில். ஆட்டோக்காரன் ஒருத்தன், "எங்க போகணும் பாட்டி?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய்விட்டான். பாட்டிலைத் திறந்து நானே குடித்தேன். முழுவதையும் குடித்தேன். நல்ல தண்ணீர்.